பந்தியைப் பாடமாக்கியவள்

கிரகித்தல், அதாவது ஒரு பந்தியை வாசித்து விளங்கி விடை சொல்கிற பாடத்தை எப்படிக் கற்பிப்பது என்று மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வளவாளர் வேலை எனக்கு. செயலமர்வு என்று அழைப்பு வரும். சனிக்கிழமை காலையில் ஏதாவதொரு பாடசாலை மண்டபத்தில் தமிழ்ப்பாட ஆசிரியர்கள் வந்து குந்தியிருப்பார்கள். வாசிப்பதற்கு முன் பிள்ளை என்ன செய்ய வேண்டும், வாசிக்கும்போது என்ன, வாசித்த பின் என்ன என்று நான் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவேன். தலைப்பைப் பார்த்து ஊகிப்பது, தனக்குத்தானே கேள்வி கேட்டுக்கொண்டு வாசிப்பது, முக்கியமான சொல்லுக்குக் கீழே கோடிடுவது, புத்தகத்தை மூடிவிட்டுச் சொந்த வார்த்தையில் சொல்வது. நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் தொலைபேசியைத் தூக்கித் திரையைப் படம் எடுத்துவிடுவார்கள். மீதிப் பேர் எழுத்துக்கு எழுத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பார்கள். "இப்ப இத உங்கட சொந்த வார்த்தையில ஒராள் சொல்லுங்க பாப்பம்" என்றால் பின்வரிசையிலிருந்து ஒரு வாத்தியார் சேர் எழும்பி, "மெடம், இந்த ஸ்லைட்ட அப்பிடியே குறூப்பில போட்டு உட்டா நல்லம்" என்பார்.

இந்த எரிச்சல் பரவாயில்லை. பகல் சாப்பாட்டுப் பார்சலோடு அதுவும் முடிந்துவிடும். வீட்டுக்குள்ளேயே ஒருத்தி புத்தகத்தோடு வந்து உட்கார்ந்த பிறகுதான் எரிச்சல் என்றால் என்னவென்று எனக்குச் சரியாக விளங்கியது. அவள் என்னுடைய சொந்தத் தங்கச்சி.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை பெண்ணுடைய வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் ராத்தாவும் தங்கச்சியும் கடைசிவரை ஒரே வளவில் கிடக்க வேண்டியதுதான். வாப்பா எங்களுக்கு வளவை இரண்டாகப் பிரித்து நடுவில் மதில் கட்டியபோது, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு விட்டுக் கட்டினார். அதற்குக் கதவும் வைக்கவில்லை. உம்மா என் வீட்டு முன்னறையில் இருக்கிறார். பாசத்தால் அல்ல. அவருடைய முழங்காலுக்குத் தோதான கக்கூஸ் என் வீட்டில்தான் இருக்கிறது. உம்மாவைப் பார்க்க வருகிறேன் என்று தங்கச்சி ஒரு நாளில் எத்தனை தரம் கடப்பால் வருவாள் என்று நான் எண்ணுவதில்லை.

அவள் ஹாபிழா. குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவள். சின்ன வயதிலேயே பெண்கள் மதரஸாவுக்குப் போய், மற்றப் பிள்ளைகள் பாவாடை கட்டத் தெரியாமல் திரிந்த வயதில் முப்பது ஜுஸ்உவையும், அத்தனை பாகங்களையும், நெஞ்சில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஊரே பேசியது. பள்ளிப் படிப்பு அத்தோடு நின்றது. அதைப் பற்றி அப்போது ஒருவரும் கவலைப்படவில்லை. பிறகு கலியாணம், பிள்ளைகள். பிள்ளைகள் வளர்ந்ததும் எங்கள் தெருவிலுள்ள பாலர் பாடசாலைக்கு உதவிக்கென்று போனாள். போன இடத்தில் அவள்தான் வகுப்பையே நடத்தினாள். அழுதுகொண்டு வருகிற பிள்ளை அவளுடைய முந்தானையைப் பிடித்தவுடன் அழுகையை நிறுத்தும். நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். இருபது வருடமாகப் படிப்பிக்கிற எனக்கு அந்தக் கை இல்லை.

பிறகுதான் நிர்வாகத்தில் புதிதாக ஒரு முடிவு எடுத்தார்கள். வகுப்புக்குள் நிற்கிறவர் யாராக இருந்தாலும் சாதாரண தரப் பரீட்சையில் தமிழ் சித்தியடைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே நின்று பிள்ளைகளுக்குக் கை கழுவிவிடலாம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து கொடுக்கலாம். தங்கச்சி தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இரண்டு தரம் எழுதினாள். இரண்டு தரமும் இஸ்லாம் பாடத்தில் விசேட சித்தி, தமிழில் இல்லை. பொறுப்பான டீச்சர் நல்ல மனுஷி. "அடுத்த பெறுபேறு வரும்வரை உன்ட இடத்த நான் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன். அதுக்குப் பிறகு என்ட கையில இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்கு அவள் கடப்பால் வந்து என் குசினி வாசலில் நின்றாள். "ராத்தா, நீங்க ஊருக்கெல்லாம் படிப்பிக்கிறீங்க" என்றாள்.

முதலில் நோய் என்னவென்று பார்ப்போம் என்று, போன தரம் கிரகித்தலுக்கு என்ன பந்தி வந்தது என்று கேட்டேன். பரீட்சை முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பந்தியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை, நிறுத்தற்குறி வருகிற இடத்தில் மூச்சு வாங்கி, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். எனக்குப் புல்லரித்தது.

"அப்ப கேள்விக்கு என்ன எழுதினாய்?"

"எழுதல்ல ராத்தா. பந்தி பாடமாகிறதுக்குள்ள மணி அடிச்சிட்டு."

பரீட்சை மண்டபத்தில் குந்திக்கொண்டு வினாத்தாளில் இருந்த பந்தியை மனனம் செய்திருக்கிறாள். பந்தி கண்ணுக்கு முன்னால் அச்சில் கிடக்கிறது. அதை ஒருவரும் பறித்துக்கொண்டு போகப் போவதில்லை. இரண்டு தரமும் இதைத்தான் செய்திருக்கிறாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பாடம் என்று முடிவாயிற்று. முதல் நாளே கல்முனைச் சந்தைப் பக்கத்துக் கடையில் வாங்கிய கடந்தகால வினாத்தாள் புத்தகத்தையும் ரிஹாலையும் தூக்கிக்கொண்டு வந்தாள். குர்ஆனை விரித்து வைக்கிற அந்த மரப் பலகையில் வினாத்தாளை விரித்து, பாயில் முழங்காலை மடித்துக் குந்தி, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு பந்தியை ராகத்தோடு வாசித்தாள். குரல் தேன்தான். பந்தியோ டெங்கு நுளம்பைப் பற்றியது.

"ஆடாம வாசி" என்றேன். ஆட்டம் நின்றது. வாசிப்பும் நின்றது.

சரி, என் உத்திகளை ஒவ்வொன்றாக இறக்குவோம் என்று தொடங்கினேன். தலைப்பைப் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று ஊகி என்றேன். "தெரியாமச் சொல்றது பொய்யாப் போகாதா ராத்தா?" என்றாள். முக்கியமான சொல்லுக்குக் கீழே கோடு போடு என்றேன். ஓத எடுக்கிற புத்தகத்தில் பேனை வைக்காமலே வளர்ந்தவள். பந்தி முழுவதற்கும் அடிக்கோடு போட்டுவிட்டு, "எல்லாம் முக்கியம்தானே" என்றாள். பந்தியைச் சுருக்கி மூன்றிலொன்றாக எழுது என்றேன். ஒரு மணித்தியாலம் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எந்தச் சொல்ல உடுற எண்டு தெரியல்ல. உட்ட சொல்லு பாவமில்லையா" என்றாள்.

நான் மண்டபம் மண்டபமாகப் போய்ப் படம் காட்டிய உத்திகள் எல்லாம் என் சொந்த வீட்டுப் பாயில் வந்து விழுந்து செத்தன. கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் குசினியில் பானையைப் போட்டு உருட்டினேன். "பானைக்குப் படிப்பிக்கிறியா" என்று உம்மா முன்னறையிலிருந்து கேட்டார்.

தையல்காரன் பந்தி வந்த நாளில்தான் எல்லாம் கைமீறிப் போனது. சின்னப் பந்திதான். மழை பெய்கிறது. தெருவில் ஆளில்லை. ஒரு தையல்காரன் வாடிக்கையாளர் ஒருவரும் வராமலே கடையைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டுக்கொண்டு இருக்கிறான். கடைத் தாழ்வாரத்தின் கீழ் ஒரு பெண்பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறது. பஸ் வருகிறது, பிள்ளை ஏறிப் போகிறது. தையல்காரன் விளக்கை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டுகிறான். அவ்வளவுதான். கேள்வி, தையல்காரன் அவ்வளவு நேரமும் ஏன் கடையைப் பூட்டவில்லை?

தங்கச்சி பதிலுக்குப் பந்தியை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். நான் எரிச்சலில் பேனையால் மேசையில் தட்டினேன். அவள் சட்டென்று நின்று, திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். நான் மறுபடியும் தட்டினேன். அவள் மறுபடியும் முதல் வரிக்குப் போனாள். மூன்றாம் தரமும் அப்படியே.

"ஏன்கா திருப்பித் திருப்பி முதல்ல இருந்தே வாறாய்?"

"நீங்க தட்டினீங்களே ராத்தா."

மதரஸாவில் அப்படித்தானாம். ஓதும்போது ஓர் எழுத்துப் பிசகினால் ஓதிக்கொடுக்கிற முஅல்லிமா வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார். பலகையில் பிரம்பால் ஒரு தட்டு. ஓதுகிறவள் தொடக்கத்துக்குத் திரும்பிப் போய்த் தன் பிழையைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு வர வேண்டும். அப்படியானால் இத்தனை வாரமும் நான் எரிச்சலில் தட்டிய ஒவ்வொரு தட்டுக்கும் இவள் பிழை எங்கே எங்கே என்று பந்தியின் தலைக்குப் போய்ப் போய் வந்திருக்கிறாள். எனக்கு விசர் வராத குறைதான்.

"பந்தியில பிழை இல்ல புள்ள. ஏன் பூட்டல்ல எண்டுதான் கேக்கன்."

அவள் வரிவரியாக விரலை வைத்துப் பார்த்தாள். "அப்பிடி ஒரு வரியே இல்லையே ராத்தா" என்றாள்.

"வரியில இரிக்காது. நீ யோசிக்கோணும்."

"இல்லாததச் சொல்லச் சொல்றீங்க."

என் வாயில் வந்ததை நான் நிறுத்தவில்லை. "உன்ட தலைக்குள்ள ஒண்டும் நடக்கல்ல. பேசாம வெளிய நிண்டு புள்ளையளுக்குக் கை கழுவி உடு. அதுதான் உனக்குச் சரி" என்றேன்.

வினாத்தாள் புத்தகத்தை மூடினாள். ரிஹாலை மடித்தாள். முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு எழும்பினாள். அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து உம்மாவின் குரல் வந்தது. "போறத்துக்கு முதல் நேத்து பயான்ல என்ன சொன்ன எண்டு சொல்லிட்டுப் போ புள்ள."

தெருவில் ஒரு வீட்டில் கிழமைக்கொரு தரம் பெண்களுக்குப் பயான் நடக்கும். ஒரு மௌலவியா வந்து மார்க்கம் பேசுவார். உம்மாவால் நடக்க முடியாது. எனக்குப் பொறுமை கிடையாது. தங்கச்சி போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்வாள். அவள் சொல்வதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் பயான் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அவள் முன்னறை நிலையில் சாய்ந்து நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்.

"ஒண்டரை மணித்தியாலம் கதைச்சாங்க உம்மா. விசயம் இவ்வளவுதான். நம்மட குசினியில கறி மணத்தா அடுத்த வீட்டுக்காரிக்கும் ஒரு கோப்பை போகோணும். அத மூணு விதமாச் சொன்னாங்க. நடுவுல சீதனத்தப் பத்தியும் கொஞ்சம் வந்தது. ஆனா அது எல்லாருக்கும் இல்ல, மூலை வீட்டு மாமிக்கு."

"பேர் சொன்னாங்களா?"

"இல்ல உம்மா. பயான் முழுக்க எல்லார்ட முகத்தையும் பாத்துப் பாத்துத்தான் கதைச்சாங்க. சீதனம் வந்த நேரம் மட்டும் மாமி இரிந்த பக்கமே பாக்கல்ல. அதுதான் சொல்றன்."

"அவ விளங்கிக்கிட்டாளா?"

"விளங்கித்தான். தேத்தண்ணி குடிக்காமப் போய்ட்டா."

நான் சிவப்புப் பேனையைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஒன்றரை மணித்தியாலத்தை நாலு வசனத்தில் சுருக்கிவிட்டாள். எது முக்கியம், எது இடையில் வந்தது என்று பிரித்துவிட்டாள். ஒருவரும் சொல்லாத ஒன்றை, பார்க்காத பார்வையிலிருந்தும் குடிக்காத தேத்தண்ணியிலிருந்தும் எடுத்துக் கொடுத்துவிட்டாள். என் செயலமர்வுக்கு வருகிறவர்களில் இதைச் செய்யக்கூடிய ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

"இஞ்ச வா" என்றேன்.

"வேணாம் ராத்தா. என்ட தலைக்குள்ள ஒண்டும் நடக்கல்ல." கடப்பால் போய்விட்டாள்.

இரண்டு மூன்று நாள் வரவில்லை. உம்மாவைப் பார்க்க நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்து போனாள். கடைசியில் நான்தான் கடப்பால் போக வேண்டியிருந்தது. வெறுங்கையோடு போக வெட்கமாக இருந்ததால் கடற்கரை வீதியில் சுடச்சுட விற்கிற கச்சான் கடலை இரண்டு சுருள் வாங்கிக்கொண்டு போனேன். அவள் வாசல்படியில் இருந்து கூனி இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒரு சுருளைக் கொடுத்தேன். கச்சானைத் தின்றுவிட்டு, எல்லாரும் செய்கிற மாதிரி, சுற்றியிருந்த தாளை விரித்து வாசித்தாள். யாரோ ஒரு பிள்ளையின் வரலாற்று விடைத்தாள்.

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "இந்தப் புள்ள குளம் கட்டின ராசாவையும் சண்டை புடிச்ச ராசாவையும் ஒராளாக்கிட்டு ராத்தா. பாவம், ரெண்டு பேர்ட வேலையையும் ஒராள்ட தலையில போட்டிரிக்கு."

"அந்தத் தாளப் பாடமாக்கினியா?"

"கச்சான் சுத்தின தாளயா?"

"பாடமாக்காம எப்பிடி விளங்கின?"

அவள் கூனிக்குள் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். எனக்கு இத்தனை நாளும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னாள்.

"எனக்கு விளங்காம இல்ல ராத்தா. பயம். புத்தகத்தில இரிக்கிற சொல்ல மாத்திச் சொல்லிப் பழகினா நாக்கு அதுக்குப் பழகிப் போகும். மறுகா ஓதக்குள்ள ஒரு சொல்லு மாறிட்டா? சின்ன வயசில இரிந்து நான் காப்பாத்தி வெச்சிரிக்கிறது அது ஒண்டுதான். இந்தப் பரீட்சைக்காக அதைத் துலைச்சிட்டு நான் என்ன செய்யிற?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? நான் இவளுக்கு மூளையைத் திறக்கத் திறப்புத் தேடிக்கொண்டிருந்தேன். இவளோ உள்ளே நின்றுகொண்டு கதவைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். "அது அல்லாஹ்ட வார்த்தை. இது யாரோ ஒரு சேர் சம்பளத்துக்கு எழுதின பந்தி" என்றேன். "அது ரிஹால்ல இரிக்கட்டும். இது கச்சான் சுத்துற தாள். வாசிச்சிட்டு எறி."

அந்தச் சொல்லைத்தான் அப்படியே செய்தோம். வினாத்தாள் புத்தகத்தை நான் தாள் தாளாகக் கிழித்தேன். அவள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ரிஹால் வேண்டாம், பாய் வேண்டாம், ராகம் வேண்டாம். குசினியில் நின்றுகொண்டு, வாய் அசையாமல் பந்தியை வாசிக்க வேண்டும். வாசித்ததும் தாளைக் கசக்கி அடுப்படியில் போட்டுவிட வேண்டும். பிறகு முன்னறைக்குப் போய் உம்மாவுக்குச் சொல்ல வேண்டும். உம்மா பந்தியை வாசித்திருக்க மாட்டார். விளங்காவிட்டால் விட மாட்டார். சுற்றி வளைத்தால் "விசயத்தச் சொல்லு" என்று அறுத்துவிடுவார். பேனையை நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

முதலில் தையல்காரனைத்தான் திருப்பி எடுத்தேன். அவள் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு போய் நின்றாள். முதல் வசனம் பந்தியில் இருந்தபடியே வந்தது.

"இதெல்லாம் ஆரு கதைக்கிற மாதிரி? மனிசர் கதைக்கிற மாதிரிச் சொல்லு" என்றார் உம்மா.

"ஒரு டெய்லர் உம்மா. சரியான மழை. ஒருத்தரும் தைக்க வரல்ல. ஆனா கடையத் திறந்து வெச்சிக்கிட்டு இரிந்தானாம்."

"விசரனா அவன்? பூட்டிட்டு ஊட்ட போறத்துக்கு என்ன?"

"எப்பிடிப் போற? ஒரு குமருப் புள்ள கடைக்கு முன்னால பஸ்ஸுக்கு நிக்கிது. தனிய. இவன் பூட்டினா அந்த இடம் இருட்டாப் போகும். அந்தப் புள்ளைக்கு ஒண்டும் சொல்லாம, தைக்கிற மாதிரி இரிந்திரிக்கிறான்."

நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயமும் வெட்டிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. இனி அவளை நிறுத்துவதுதான் பாடு. தையல்காரனைப் பற்றி விடை எழுதச் சொன்னால், குமர்ப் பிள்ளைகளை இருட்டில் பஸ்ஸுக்கு விடுகிற வாப்பாமாருக்கு ஒரு பயானே எழுதி வைத்தாள். "உன்ட நஸீஹத்த, புத்திமதிய ஆர் கேட்ட" என்று நான் கத்தினேன். இரண்டு வசனத்துக்கு மேல் எழுதினால் தாளைக் கிழிப்பேன் என்று மிரட்டினேன். சுருக்கம் என்றால் இப்போது ஒரே வரி. அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. "விசயம் அவ்வளவுதானே ராத்தா." உம்மா வேறு நடுவில் பந்தியை விட்டுவிட்டு அதில் வருகிற ஆட்கள் எந்த ஊர், என்ன குடும்பம் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவார். தங்கச்சியும் பாண்டிருப்புப் பக்கமாக இருக்கும் என்று ஆளுக்கொரு ஊரும் கொடுத்துவிடுவாள். அந்த மாதங்களில் எனக்குப் பிரஷர் குளிசை கூடியது உண்மை.

பரீட்சை நாளில் மண்டபத்துக்கு வெளியே ஆட்டோவில் காத்திருந்தேன். மற்றப் பரீட்சார்த்திகள் எல்லாம் சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் கறுப்பு அபாயாவோடு இவள் வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆட்டோவில் ஏறியதும் ஏறாததுமாக நான் கேட்டேன்.

"எல்லாக் கேள்விக்கும் எழுதினியா?"

"ஓம். வினாத்தாளக் கவுத்து வெச்சிட்டு, உம்மா முன்னால இரிக்கிற மாதிரி நினைச்சிக்கிட்டு எழுதினன். நேரம் மிஞ்சிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ். பந்தி என்ன வந்த? சொல்லு."

"ஒரு மனிசன் சொந்தக் கிணத்துத் தண்ணிய ஊருக்குக் குடுக்கிறான்" என்றாள். "பஞ்சம் வந்த நேரம். சொந்தக்காரன் ஏசுறான். ஆனா..."

"அதில்ல. பந்தியச் சொல்லு. சொல்லுக்குச் சொல்லு."

"ஞாபகம் இல்ல ராத்தா" என்றாள். கை என் கையைப் பிடித்தது. "ஒரு வரிகூட ஞாபகம் இல்ல."

எனக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டுத் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கலாம் போல் இருந்தது. அவளோ வீட்டுக்கு வந்து நான் அடுப்பில் சோற்றை ஏற்றுவதற்குள், அபாயாவைக்கூடக் கழற்றாமல் கை முகம் கால் கழுவி வுளூச் செய்து, என்னையும் செய்ய வைத்து, என் குசினியிலேயே பாயை விரித்தாள். அலுமாரியில் இருந்த என் குர்ஆனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"நான் கஹ்பு சூறா ஓதுறன். நீங்க பாத்துக்கொண்டு வாங்க. பிழைச்சாத் தட்டுங்க."

ஓதினாள். நான் வரிக்கு மேல் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். எனக்கு அவள் அளவுக்கு வேகம் கிடையாது. மூச்சுப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். நீளமான அத்தியாயம். அடுப்பில் சோறு பிடித்துப் புகை வந்தது, நான் எழும்பவில்லை. ஆடிக்கொண்டே, கண்ணை மூடிக்கொண்டே கடைசி வசனம்வரை போனாள். தட்டுவதற்கு அவள் எனக்கு ஓர் இடமும் தரவில்லை. முடித்ததும் கையை முகத்தில் தடவிக்கொண்டு அழுதாள். "இரிக்கு ராத்தா. எல்லாம் இரிக்கு" என்றாள். உம்மா முன்னறையிலிருந்து, "சோறு எரியிற மணம் எனக்கு மட்டுமா வருது" என்றார்.

பெறுபேறு வர மாதங்கள் சென்றன. அதற்கிடையில் பாலர் பாடசாலையில் புதிய பிள்ளைகளைச் சேர்க்கிற காலமும் வந்தது. இவளுடைய இடத்துக்கு ஒரு பட்டதாரிப் பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போனதாகக் கதை அடிபட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கச்சி நாள்முழுதும் முற்றம் கூட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. குப்பையே இல்லாத முற்றம்.

இணையத்தில் வந்துவிட்டது என்று யாரோ சொன்ன அன்று, நான் தொலைபேசியை எடுத்து அவளுடைய பரீட்சைச் சுட்டெண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கடப்பால் வந்தாள். தன்னுடைய தொலைபேசி கையில் இருந்தது. என்னிடம் தரவில்லை. நேரே முன்னறைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வந்திட்டாமே" என்றார் உம்மா. "விசயத்தச் சொல்லு."

நான் அவளுடைய தோளுக்கு மேலால் திரையை எட்டிப் பார்த்தேன். பரீட்சையின் பெயர், வருடம், சுட்டெண், அவளுடைய முழுப்பெயர், கீழே தமிழ்மொழியும் இலக்கியமும், அதற்கு நேரே ஒரு S. வெறும் சாதாரண சித்தி. அவ்வளவு பாடுபட்டதற்கு அதற்கு மேலான ஒரு C கூட வரவில்லையே என்று எனக்குச் சுள்ளென்றது. முந்திய தங்கச்சியாக இருந்தால் பரீட்சையின் பெயரிலிருந்து தொடங்கி, சுட்டெண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்து, கடைசியில்தான் அந்த எழுத்துக்கு வந்திருப்பாள்.

அவள் தொலைபேசியைக் கட்டிலில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "உம்மா, வாற வருசமும் சின்னப் புள்ளையள் என்னட்டத்தான்" என்றாள்.

அப்படி ஒரு வரி அந்தத் திரையில் எங்கேயும் இல்லை.